வடக்குப் பார்த்த வாசலுக்கு எந்தப் புல்?

எங்கள் வீடு கோவைக்குக் கிழக்கே, சூலூர் பக்கம். வடக்குப் பார்த்த மனை. வாஸ்துப்படி குபேர திசை என்று ஊரே விரும்பி வாங்கும். ஆனால் வாசல் வடக்கில் என்றால் முன்தோட்டமும் வடக்கில்தான். வீடு அதற்குத் தெற்கே 24 அடி உயரத்துக்கு நின்று வெயிலை மறைக்கும். கார் வரும் வழியைக் கழித்தால் சுவரிலிருந்து மதில் வரை 25 அடி, அகலம் 24 அடி. அந்த இடத்துக்குப் புல் தேர்ந்தெடுத்து நட்டு, ஒரு குளிர்காலம் தாண்டிய கதை இது.

நர்சரிகளில் வரிசையாக நான்கைந்து வகை காட்டினார்கள். பெர்முடா, மெக்சிகன், கொரியன், எருமைப்புல். எல்லாமே வெப்பப் பருவப் புற்கள். 27 முதல் 35 டிகிரி வரை வெயில் இருந்தால் செழிக்கிறவை. "நெழல்ல வருமுங்களா?" என்று கேட்டேன். "எல்லாத்துலயும் வருமுங்க" என்றார் ஒருவர். இணையத்தில் தேடினால் முக்கால்வாசி அமெரிக்கக் குறிப்புகள். அவற்றில் பாதி, பனியில் எந்த ரகம் பிழைக்கும் என்பதைப் பற்றி. கொரியாவில் சேகரித்த விதையிலிருந்து வந்து 1951-இல் அமெரிக்காவில் வெளியான மேயர் என்ற சோய்சியா ரகத்தின் (மெக்சிகன், கொரியன் புற்கள் சேர்ந்த இனம்) பெரிய பெருமையே குளிரைத் தாங்குவதுதான். நமக்கு டிசம்பர் இரவுகூட 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனி தாங்கும் குணத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது வேறு மூன்று: நிழல், தண்ணீரின் உப்பு, யார் வெட்டப் போகிறார்கள் என்பது.

நிழல்

இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். கோவை இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 23 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். ஆக, மே மாதம் யாரைக் கூட்டி வந்து காட்டினாலும் வடக்கு வாசலில் சுவர் ஓரம்வரை வெயில் அடிக்கும். "நல்ல வெயிலுங்க, பெர்முடாவே போட்டுடலாமுங்க" என்பார் தோட்டக்காரர். மே மாதத்துக்கு அவர் சொல்வது சரி.

டிசம்பர் 21-இல் நிலைமை வேறு. அன்று உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேரே இருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். சுவரின் உயரத்தை 0.7-ஆல் பெருக்கினால் நிழலின் நீளம் கிடைக்கும். கைப்பிடிச் சுவர் உட்பட எங்கள் வீடு 24 அடி; நிழல் 16 அடிக்கு மேல். சென்னை என்றால் 0.74 என்றும், கன்னியாகுமரி என்றால் 0.6 என்றும் வைத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 22, மார்ச் 21 வாக்கில் இன்னொரு வேடிக்கை: அன்றைக்கு நிழலின் விளிம்பு காலையிலிருந்து மாலைவரை ஒரே கோட்டில் நிற்கும். எங்கள் வீட்டுக்கு அந்தக் கோடு சுவரிலிருந்து 5 அடிக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கோட்டுக்கு உள்ளே, செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை நேர் வெயில் அறவே கிடையாது.

சுவரிலிருந்து சணல் கயிறு கட்டி, 5, 10, 16 அடியில் ஆணி அடித்து, மாதம் ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து செல்போனில் படம் எடுத்தேன். கணக்கும் படமும் ஒத்துப்போயின. 10 அடியில் இருக்கும் இடத்துக்கு அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை உச்சி வெயில் இல்லை. 16 அடிக்கு அப்பால் வருஷம் முழுக்க வெயில். ஆக, எங்கள் முற்றம் மூன்று பட்டைகளாகப் பிரிந்துவிட்டது. தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு கிடையாது. அவர்கள் பெரும்பாலும் மரநிழலைப் பார்த்தால் போதும்.

தண்ணீரும் மண்ணும்

போர் தண்ணீர்தான். எங்கள் பக்கம் சப்பைத் தண்ணீர் என்பார்கள். மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்ததில் நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.4 டெசிசீமன்ஸ், மண்ணின் கார அமில நிலை 8-க்கு மேல். நீர் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை, 3-க்கு மேல் போனால் பெரும் சிக்கல் என்பது பொதுவான அளவுகோல். நாங்கள் நடுவில், சிக்கலுக்குப் பக்கமாக. அருகம்புல் வகைகளுக்கு வேர்மண்டல உப்பு இதே அளவையில் 7-ஐ நெருங்கும்வரை வளர்ச்சி குறைவதில்லை. சோய்சியாவும் ஓரளவு நன்றாகத் தாங்கும். அகல இலை எருமைப்புல்லில் ஒரு வகை தாங்கவே தாங்காது. அதைப் பிறகு சொல்கிறேன். கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி இடங்களில் வீடு உள்ளவர்கள் இந்தப் பட்டியலையே விட்டுவிட்டு, கடற்கரை பாஸ்பலம் என்ற புல்லைத் தேடலாம். உப்புக்கு அதற்கு ஈடு இல்லை.

செப்டம்பர்: சோதனைச் சதுரங்கள்

புல்லைக் கோடையில் சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால், நிழல் நீளத் தொடங்கும் செப்டம்பரில் ஆரம்பித்தேன். சுவரிலிருந்து 8 அடியில் ஒரு வரிசை, 20 அடியில் ஒரு வரிசை. ஒவ்வொன்றும் 2 அடிச் சதுரம். நடுவில் செங்கல் நிறுத்திப் பிரித்தேன், ஒன்று மற்றொன்றுக்குள் ஓடாமலிருக்க.

நட்டவை: நாட்டு அருகு, நர்சரி பெர்முடா, மெக்சிகன், கொரியன், எருமைப்புல் என்று விற்றது, அப்புறம் ஒரு பழைய பங்களாத் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கிய இன்னொரு அகல இலைப் புல்.

நாட்டு அருகை வயல் வரப்பிலிருந்து எடுக்கவில்லை. வரப்பில் இருப்பது முழங்கால் உயரத்துக்கு எழும்புகிற ரகம். பையன்கள் தினமும் மிதித்து விளையாடும் மைதானத்தின் ஓரத்தில், ஆடு மேய்ந்து மேய்ந்து தரையோடு படிந்து கிடக்கும் இடத்திலிருந்து ஓடுகொடிகளைப் பிடுங்கி வந்தேன். ஆண்டுக்கணக்காக வெட்டும் மிதியும் வாங்கும் இடத்தில் கணுக்கள் நெருக்கமான, குட்டையான செடிகளே மிஞ்சும். புகழ்பெற்ற டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டைப் புல்லைக்கூட யாரும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கவில்லை. கோல்ஃப் மைதானத்துப் புல்லில் தானாக மாறியிருந்த திட்டைப் பார்த்து எடுத்து, 1965-இல் வெளியிட்டார்கள்.

பெர்முடா என்பதும் அருகம்புல் குடும்பம்தான். ஆனால் மெல்லிய இலை உள்ள நல்ல ரகங்கள் கலப்பினங்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வந்த டிஃப்ட்வே அப்படிப்பட்டது. அது மலடு, முளைக்கும் விதை வைக்காது. ஓடுகொடியாகவோ பாயாகவோ மட்டுமே வாங்க முடியும். யாராவது டிஃப்ட்வே விதை என்று பாக்கெட்டைக் காட்டினால் வந்த வழியே திரும்பிவிடலாம். பெர்முடா விதை என்று மட்டும் எழுதியிருந்தால், பெரும்பாலும் மைதானத்தில் இலவசமாகக் கிடைக்கிற அதே இனம்தான் உள்ளே இருக்கும்.

மெக்சிகன், கொரியன் இரண்டும் சோய்சியா. மெக்சிகோவுக்கும் சோய்சியாவுக்கும் எந்த உறவும் இல்லை, வியாபாரப் பெயர். மெக்சிகனுக்குச் சற்றே அகலமான, விறைப்பான இலை, தண்டிலிருந்து கிட்டத்தட்ட செங்கோணத்தில் நிற்கும். கொரியன் ஊசி மாதிரி மெல்லிசு. பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குவது உத்தமம்.

குளிர்காலத்தில் நடந்தது

வெயில் வரிசையில் எல்லாம் பிழைத்தன. நாட்டு அருகு மற்றதை எல்லாம் முந்திக்கொண்டு சதுரத்தை மூடியது. கலப்பினப் பெர்முடா பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி, மறுக்க முடியாது. ஆனால் ஐப்பசி மழையில் வாரம் ஒருமுறை வெட்டியே ஆக வேண்டியிருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போனால் மேலே பச்சை, வெட்டினால் அடியில் காய்ந்த தண்டு. அதைத் தாழ்வாக, சுத்தமாக வெட்ட உருளைக் கத்தி வைத்த மிஷின் வேண்டும். எங்களிடம் இருப்பது சுழல் கத்தி. யார் வெட்டுவது என்ற கேள்விக்கு வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நிழல் வரிசையில் நவம்பர் முடிவதற்குள் கலப்பினப் பெர்முடா நூலாக நீண்டு, டிசம்பரில் மண் தெரிந்தது. நாட்டு அருகும் வெளிறி நிமிர்ந்து நின்றது, ஆனால் சாகவில்லை. கொரியன் நிழலைப் பொறுத்துக்கொண்டது. மழையில் ஒரு பூஞ்சைத் திட்டு வந்து போனது. வெயில் பக்கத்தில் கொரியன் மேடு மேடாகத் திரண்டுகொண்டது. ஜப்பானியத் தோட்டம் மாதிரி வேண்டும் என்கிறவர்களுக்கு அது பிடிக்கும், ஓடி விளையாடுகிற வீட்டுக்குச் சரிப்படாது. மெக்சிகன் அடர்த்தி குறைந்தாலும் மண் தெரியாமல் நின்றது. வளர்ச்சி ஆமை வேகம். ஆனால் அந்த மெதுவுதான் பிறகு எனக்கு வசதி. மூன்று வாரத்துக்கு ஒரு வெட்டு போதும்.

அகல இலைப் புற்கள் இரண்டும் நிழலில் முதல் மார்க் வாங்கின. அம்மா பார்த்துவிட்டு, "இது மாட்டுக்குப் போடற புல்லாட்டம் இருக்குதே" என்றார். மழை நின்று, தை மாதம் போர் தண்ணீர் பாய ஆரம்பித்ததும் இரண்டும் பிரிந்தன. நர்சரியில் வாங்கியது மஞ்சளாகிவிட்டது. நரம்பு பச்சையாக, இடையில் வெளிறி. இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தேன். புது இலை பச்சையாக வந்தது, சில வாரத்தில் மறுபடி மஞ்சள். (அன்னபேதி தெளிக்கும்போது டைல்ஸ் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.) அதற்குள் அது பூத்துவிட்டது. பூத்தண்டின் நுனியில் மெல்லிய கதிர்கள் இரண்டு மூன்று, கவட்டை மாதிரி விரிந்திருந்தன. அப்படியென்றால் அது ஆக்சோனோபஸ்; அமில மண்ணும் ஈரமும் கேட்கிற புல். கேரளத்தில் தென்னைக்கு அடியில் அது ராஜா. காரமான கரிசலில், சப்பைத் தண்ணீரில் அதற்கு வேலை இல்லை. பங்களாத் தோட்டத்துப் புல் செயின்ட் அகஸ்டின். அதன் பூக்கதிர் ஒற்றையாய், தடித்து, சதைப்பற்றாக இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் ஒடுங்கி அரைத் திருப்பம் திரும்பியிருக்கும். அது உப்பையும் தாங்கியது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள் என்பதால், எருமைப்புல் வாங்குகிறவர்கள் பூவையோ இலைக் கழுத்தையோ பார்க்காமல் வாங்க வேண்டாம்.

செயின்ட் அகஸ்டினை ஏன் விட்டேன் என்றால், அதை 3 அங்குலத்துக்குக் கீழே வெட்டக் கூடாது. மற்ற புல்லை ஒன்றரை அங்குலத்தில் வெட்டுவேன். ஒரே முற்றத்தில் இரண்டு உயரம் படிக்கட்டு மாதிரி தெரியும்.

முடிவு இப்படி வந்தது: சுவரிலிருந்து 5 அடிவரை புல்லே வேண்டாம், கல்லும் தொட்டியும். 5 முதல் 16 அடிவரை மெக்சிகன். 16-க்கு அப்பால், பிள்ளைகள் விளையாடும் பக்கம், மைதானத்து நாட்டு அருகு. மிதிபட்டு வழுக்கையானால் சீக்கிரம் மூடிக்கொள்வது அதுதான். மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடுவதால் மேலே தேய்ந்தாலும் கீழிருந்து கிளம்பும். பிள்ளையார் சதுர்த்திக்கு அருகு வாங்கப் போக வேண்டாம் என்பது அம்மாவின் கணக்கு.

கோடை: கோரை

நட ஜூன்தான் என்று முடிவு செய்தேன். நிழல் பட்டைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழு வெயில். செப்டம்பருக்குள் மூடிக்கொண்டால் குளிர்காலத்தைத் தாண்டிவிடும். அதுவரை கோரைக் களையோடு மல்லுக்கட்டு.

கோரைக்கு எளிய வழி இல்லை. கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக் கிடக்கும். மேலே பிடுங்கினால் அறுந்து, கீழே இருப்பது முளைக்கும். முக்கால் அடி ஆழத்துக்குக் கிளறி, மணல் சலிக்கும் வலையைச் சாய்த்து வைத்து மண்ணைச் சலித்தோம். பிறகு தண்ணீர் விட்டு, முளைத்ததைக் களைக்கொத்தால் கிழங்கோடு எடுப்பது, மறுபடி தண்ணீர் விடுவது. ஏப்ரல், மே வெயிலில் ஈரமண்ணின் மேல் தெளிவான பாலித்தீன் விரிப்பை இழுத்து, ஓரங்களை மண்ணால் மூடி வைத்தேன். மேல் மண் கொதித்ததில் மற்ற களை விதைகள் ஒழிந்தன. கோரை கூர்மையான முனையால் விரிப்பையே குத்திக்கொண்டு வந்தது சில இடங்களில். வந்ததைத் தேடித் தோண்டினோம். கரும்பில் கோரைக்கு அடிக்கும் மருந்து இருக்கிறது. பிள்ளைகள் உருளும் இடம் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அரைகுறையாக மக்கிய தொழு உரத்தில் களை விதை கூடவே வரும் என்பதால், நன்றாக மக்கி மண் வாசனை வரும் உரத்தை மட்டும் சேர்த்தேன்.

கரிசலில் கொஞ்சமாக மணல் கலந்தால் காய்ந்தபின் செங்கல் ஆகிவிடும். அதனால் கலக்கவில்லை. மேலே 4 அங்குலம் செம்மண்ணும் உரமும் பரப்பி, மதில் பக்கம் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு கொடுத்து, உருளை ஓட்டினோம்.

16 அடிக் கோட்டில் கடப்பா கல் பலகைகளை முக்கால் அடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் புதைத்து, அரை அங்குலம் வெளியே விட்டேன். இது இல்லாமல் அருகையும் சோய்சியாவையும் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச காலத்தில் எல்லாம் அருகாகிவிடும்.

ஜூன்: நடவு

மெக்சிகன் பாய்களாக வந்தது. அடியில் ஒட்டியிருந்தது பிசுபிசுப்பான களிமண். அதை அப்படியே எங்கள் செம்மண் மேல் விரித்தால் இரண்டு மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், வேர் கீழே இறங்காது. தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் களிமண்ணைக் கரைத்துவிட்டு, 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி, அரை அடி இடைவெளியில் நட்டோம். சுவர்ப் பக்கம் முதல் சில வரிசைகளில் இடைவெளியே விடவில்லை. அங்கே நிழல் முதலில் வரும், பரவ அவகாசம் குறைவு. முழுப் பாயாக விரிப்பதைவிடப் பாதிக்கும் குறைவான புல்லே ஆனது.

அருகை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக 4 அங்குலத்துக்கு ஒன்று ஊன்றினோம். நம் ஊரில் இன்னொரு முறை உண்டு: புல்லைப் பொடியாக நறுக்கி, செம்மண்ணும் சாணமும் சேர்த்துக் குழைத்து, சாந்து மாதிரி தரையில் பூசுவது. ஒரு மூலையில் செய்து பார்த்தேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பூச்சைக் காயவைத்து வெடிக்கச் செய்துவிட்டது. ஈரச்சாக்கு போட்ட இடம் மட்டும் முளைத்தது. காற்று இல்லாத ஊருக்கு அது மலிவான நல்ல வழி.

முதலில் தினம் சில முறை லேசாகத் தெளித்து, வேர் பிடித்ததும் வாரம் இருமுறை ஆழமாக. கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். புல் உள்ள இடம் 45 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் 180 லிட்டர், வாரத்துக்கு 1250-ஐ ஒட்டி. தெளிப்பான் எவ்வளவு விடுகிறது என்று பார்க்க, ஒரே அளவான பிளாஸ்டிக் டப்பாக்களை அங்கங்கே வைத்து ஸ்கேலால் அளந்தேன். மூலைகளில் பாதிதான் விழுந்தது. சமையலறை ஆர்.ஓ. கழிவுநீரை இதில் விடுவதில்லை. போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். மண்ணில் சேரும் உப்பை ஐப்பசி மழை இறக்கிவிடுகிறது. மழை பொய்த்தால் அவ்வப்போது நன்றாக நிறைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கும்.

இப்போது, பங்குனி

அருகுப் பக்கம் ஆகஸ்டிலேயே மூடிவிட்டது. மெக்சிகன் பக்கம் அக்டோபரில் இடைவெளிகள் ஏறக்குறைய அடைந்தன. குளிர்காலத்தில் 7 அடிக்கு அப்பால் இருந்தது அடர்த்தி குறைந்தும் தாக்குப்பிடித்தது. 5-க்கும் 7-க்கும் நடுவில் சோளப்பொரி தூவின மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். வெயில் திரும்பி வந்ததும் துளிர்க்கிறது, ஆனால் வருஷா வருஷம் இதே கதைதான் நடக்கும். அதனால் கல்தளத்தை 7 அடிவரை நீட்டப் போகிறேன். அங்கிருக்கும் துண்டுகளைப் பெயர்த்து வழுக்கை விழுந்த இடங்களில் நட்டுவிடலாம்.

வெட்டும் உயரம் இரு பக்கமும் 4 செ.மீ.; நிழல் மாதங்களில் மெக்சிகனுக்கு மட்டும் 5. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அருகுப் பக்கத்து 20 சதுர மீட்டருக்கு மாதம் 200 கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விடுகிறேன். மெக்சிகனுக்கு அந்த வீதத்தில் பாதி, அதுவும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மட்டும். நிழலில் இருக்கும் புல்லுக்கு யூரியா போட்டால் மெலிந்து நீளுமே தவிர அடர்த்தியாகாது. அருகின் ஓடுகொடிகள் கடப்பா கல்லின் மேலேறித் தாண்டப் பார்க்கின்றன. புல் வெட்டும்போதே கல் ஓரமாக அரிவாளால் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன். கோரை இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது.